அக்கா தைத்த எட்டுமுனைப் போர்வை

சென்ற ஆண்டு ஜூலை மாதம் இருபத்தேழாம் தேதி, ஆடி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை அரை மணி முன்புதான் விட்டிருந்தது. ஓட்டு விளிம்பு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் அக்கா மூச்சை நிறுத்தினார். மணியை நான்தான் பார்த்தேன். அந்தக் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் முகம் இல்லாமல் ஒன்பது துணி நட்சத்திரங்கள் இருப்பதைப் பார்த்து நீங்கள் என்னைத் திட்டப்போகிறீர்கள் என்று தெரியும். அச்சுக்குப் போகும் முன்பே மூன்று பேர் தொலைபேசியில் கேட்டுவிட்டார்கள். அக்காவுக்கு இருந்த ஒரே படம் ஆதார் அட்டையில் இருப்பது. அதைப் பார்க்கும்போதெல்லாம், திருடியைப் பிடித்து நிறுத்தி எடுத்தது மாதிரி இருக்கிறது என்று அவரே சொல்வார். அதைப் பெரிதாக்கி உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் மகள் செல்விதான் நட்சத்திரங்களைப் போடலாம் என்றாள். போட்டால் ஏன் போட்டோம் என்று நீங்கள் எழுத வேண்டும் மாமா என்றும் சொல்லிவிட்டாள். மலையாளத்தில் எழுதினால் பிள்ளைகளும் படிப்பார்கள் என்றாள். எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. கண்ணும் கழுத்தும் ஒத்துழைப்பதில்லை. அக்கா படித்தது தமிழ், ஆகவே தமிழில் எழுதுகிறேன். படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் படித்துச் சொல்லவும்.

அக்கா பிறந்தது இந்த மட்டாஞ்சேரியில்தான். சுக்கும் மிளகும் அடுக்கியிருக்கும் பண்டகசாலைகளுக்குப் பின்னால், இப்போது நாங்கள் இருக்கும் இதே வரிசையில், மூன்று வீடு தள்ளி. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துணி வெளுக்க வந்தது. எந்தத் தலைமுறையில் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறீர்கள். எதையும் சரிபார்க்க முடியாததால் நான் எழுதத் துணியவில்லை. அக்காவுக்குப் பதினைந்து வயதில் அப்பா தவறினார். அதுவரை அப்பா பிடித்திருந்த இஸ்திரிப் பெட்டியை மறுவாரமே அக்கா எடுத்துக்கொண்டார். சிரட்டைக் கரி போடும் பித்தளைப் பெட்டி. மேசை உயரம் போதாமல் ஒரு பலகையைக் காலடியில் போட்டு நின்று தேய்த்தார். அந்தப் பெட்டியின் சூட்டில்தான் நான் பள்ளி இறுதி முடித்து, வணிகவியல் படித்து, ஒரு மிளகுப் பண்டகசாலையில் கணக்கராகச் சேர்ந்து முப்பத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அக்கா ஐந்தாம் வகுப்போடு சரி.

அத்தான் சுமை தூக்கும் வேலை பார்த்தவர். செல்விக்கு நான்கு வயதிருக்கும்போது காய்ச்சலில் போனார். காரியம் முடிந்த மறுநாள் அக்கா மேசைமுன் நின்றுவிட்டார்; தேய்க்காத துணி குவிந்து கிடந்தது. நான் மணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கணக்கு, இந்த மலரில் வேண்டாம். ஆக அக்கா, செல்வி, நான் என்று மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்துவிட்டோம்.

அக்காவின் குணத்தைச் சொல்ல வேண்டுமானால் ஒன்று சொல்வேன். ஓட்டல் துணி, கப்பல்காரர்கள் துணி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை என்று அவர் கை வழியாகப் போன துணி எத்தனை என்று என்னாலேயே எண்ண முடியவில்லை. அதில் ஒரு கைக்குட்டைகூடத் தவறியதில்லை. எல்லாம் மடித்து, கட்டி, உரியவரிடம் திரும்பிப் போனது. இன்னொன்று, நாற்பது ஆண்டுகளாக மாலையில் அன்றைய செலவை அக்காவிடம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அக்கா பாதியிலேயே ஜன்னல் பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுவார். முடித்ததும் "சரியா இருக்கும்" என்பார். ஒருமுறைகூட எதையும் திருத்தியதில்லை.

எங்கள் வீட்டுத் தேய்ப்பு முறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். வலது கை பெட்டியைத் தள்ளும். அதே நேரம் இடது கை துணியின் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். அப்படி இழுத்தால்தான் சுருக்கம் ஒரே தள்ளலில் போகும், காலர் நிமிரும். இழுக்காமல் தேய்த்த சட்டையை அப்பா திரும்ப எங்கள்மேலேயே எறிவார். அக்காவுக்கு அப்படித்தான் பழக்கமானது. எனக்கும் விடுமுறை நாட்களில் பழக்கமானது. அக்காவிடமிருந்து செல்விக்கும் வந்தது. செல்வி இப்போது இடப்பள்ளியில் ஒரு பெரிய துணிக்கடையில், வாங்கியதை அளவுக்குக் குறைத்துத் தைத்துக் கொடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அங்கேயும் அவள் தேய்த்தால் தனியாகத் தெரியும் என்பார்கள்.

அக்கா இறப்பதற்கு முந்தைய நவம்பரில் அவருக்கு வாதம் தாக்கியது. இடது கையும் இடது காலும். எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போவதும், காத்திருப்பதும், அடுத்த வாரம் வரச் சொல்வதும், மழைக்கும் வெயிலுக்கும் ஒரே குடையைப் பிடித்து இறங்குவதுமாக எங்களுக்குக் கால் ஓய்ந்து போனது. கால் ஓரளவு தேறியது. கை தேறவில்லை. மடியில் அது, யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராத துணி மாதிரி கிடந்தது. பெட்டி இப்போது மின்சாரப் பெட்டிதான் என்றாலும் சூடு சூடுதானே. நானும் செல்வியும் அதை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டோம். அக்காவின் சாப்பாடு பாதியாகக் குறைந்தது.

கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண், சங்ஙனாச்சேரிக்காரி, ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். பந்து வைத்து விளையாடுகிற வயசா எனக்கு என்று அக்கா அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். அந்தப் பெண் கோபப்படவில்லை. பந்து வேண்டாமென்றால் ஏதாவது தையுங்கள் அம்மா, பட்டன் பிய்ந்தாலும் போதும், இடது விரல் துணியைப் பிடித்தால் சரி என்றாள்.

அந்த வாரம் செல்வியின் கடைக்கு யாரோ ஒரு போர்வையின் கிழிந்த மூலையைச் சரிசெய்யக் கொண்டுவந்திருந்தார்கள். சின்னச் சின்னத் துணிகளை இணைத்து, வரிசையாக நட்சத்திரங்கள் வரும்படி தைத்த போர்வை. அதைத் தன் தொலைபேசியில் படம் பிடித்து வந்து அம்மாவுக்குக் காட்டினாள். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"இத எங்க கொண்டு போய்க் குடுக்கணும்?" என்று கேட்டார்.

"எங்கயும் இல்லம்மா. தச்சா வீட்டுக்குத்தான்."

"அப்ப ஒண்ணு தைக்கலாம். என் கைக்கு வந்த துணியெல்லாம் திரும்பிப் போச்சு. ஒண்ணாவது நிக்கட்டும்."

நான் உடனே எதிர்த்தேன். வருஷம் முழுக்க வியர்க்கிற கொச்சியில் போர்வை எதற்கு? பழக்கமில்லாத வேலை. எங்கள் மூன்று பேரில் யாருக்கும் இது தெரியாது. அக்கா என்னைப் பார்க்காமலே, மழைக்காலத்தில் இரண்டு வேட்டியைச் சேர்த்துப் போர்த்துக்கொண்டு இருமுகிற ஆள் யார் என்று செல்வியிடம் கேட்டார்.

துணிக்குக் குறையில்லை. எங்கள் அடுத்த கட்டடத்தில் தையல்கடை வைத்திருக்கும் இபுராகிம் இக்கா, அதாவது இபுராகிம் அண்ணன், ஒரு சாக்கு நிறைய வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டினார். அக்கா எல்லாவற்றையும் முதலில் அலசிக் காயவைக்கச் சொன்னார். அலசாத துணியில் எங்கள் வீட்டில் கத்திரி வைப்பதில்லை.

வரைவது என் பொறுப்பு என்று விழுந்தது. செல்வி தொலைபேசியில் ஏதோ விளக்கப்படங்களைத் தேடிக் காட்டினாள். ஒரு பெண்மணி, விதவிதமான கண்ணாடி அளவுகோல்களை வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் பேசினார். அந்தம்மாவிடம் எல்லாம் வெட்டியே இருக்கிறது, நம்மிடம் என்ன இருக்கிறது என்றார் அக்கா. ஆகவே படத்தைப் பார்த்து நாங்களே கண்டுபிடிப்பது என்றானது.

கட்டம் ஒன்று பன்னிரண்டு அங்குலச் சதுரம். அதற்குள் நட்சத்திரம். சீட்டுக்கட்டில் வரும் டைமன் போல, நான்கு பக்கமும் சமமான எட்டுத் துண்டுகள் நடுவில் ஒரே புள்ளியில் கூட வேண்டும். முனைகளுக்கு இடையே நான்கு மூலையில் நான்கு சதுரம். நான்கு ஓரத்தில் நான்கு முக்கோணம். இவ்வளவுதான். பன்னிரண்டை மூன்றாக வகுத்தால் நாலு, ஆகவே மூலைச் சதுரம் நாலு அங்குலம் என்று வைத்து, கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். எட்டு முனையும் வந்தது. ஆனால் துண்டின் ஒரு பக்கம் நாலு அங்குலம் இருந்தால் அடுத்த பக்கம் மூன்றுகூட இல்லை. அக்கா தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, காற்றில் கொடியோடு சாய்ந்த துணி மாதிரி இருக்கிறதே என்றார். சமமாக வரும்வரை மூன்றேமுக்கால், மூன்றேகால் என்று மாற்றி மாற்றி வரைந்தேன். எட்டுத் தாள் வீணானது. ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கம் நழுவியது.

பிறகுதான் பள்ளிக்கூடக் கணக்கு நினைவுக்கு வந்தது. மூலைச் சதுரம் எவ்வளவு என்று தெரியாது. அதைத் தெரியாத எண்ணாகவே வைத்தேன். கட்டத்தின் ஓரத்தில் இரண்டு மூலைகள் போக நடுவில் மிஞ்சுவது, அந்த மூலைச் சதுரத்தின் குறுக்களவுக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்படிச் செய்தபோது மூன்றரை அங்குலமும் அதன்மேல் ஒரு நூலிழையும் வந்தது. வரைந்தேன். எட்டுத் துண்டும் நான்கு பக்கமும் சமம். எனக்கு அன்று பண்டகசாலை வருடக் கணக்கு ஒட்டியது போன்ற நிம்மதி. அந்த நிம்மதியில் இன்னொன்றும் கவனித்தேன். கட்டத்தின் மூலையிலிருந்து நடுப்புள்ளிவரை ஒரு நூலைப் பிடித்து, அதே நூலை மூலையிலிருந்து ஓரத்தின்மேல் படுக்க வைத்தால், ஓரத்தில் மிச்சம் இருப்பது சரியாக மூலைச் சதுரத்தின் அளவுதான். அதைச் செய்து காட்டியதும் அக்கா, அப்போது இந்த நூலே போதும், மற்றதெல்லாம் வேண்டாம் என்று சொல்லி என் தாள்களை அடுப்பு பற்றவைக்க ஒதுக்கிவிட்டார். நூலுக்குக் காரணம் கணக்குதான் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

நாட்காட்டியின் பின் அட்டையில் துண்டின் வடிவத்தை வெட்டினேன். தையலுக்குள் போகும் துணிக்காகச் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டும். முதல் அட்டையில் அதை மறந்து, மறுபடி வெட்டினேன். செல்வி அதை வைத்துத் துணியை வெட்டினாள். வெட்டிய துண்டு ஒவ்வொன்றையும் தேய்த்து அடுக்கினாள். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இடது விரல்களுக்கு இடையில் துணியைச் செருகி, வலது கையால் தைத்தார். இரண்டு துண்டு சேர்ந்து ஒரு ஜோடி; இரண்டு ஜோடி சேர்ந்து அரை நட்சத்திரம்; இரண்டு அரையையும் நடுவில் நெடுகச் சேர்க்கும் ஒரு தையல். அந்தக் கடைசித் தையலில்தான் எட்டு முனையும் கூடும்.

கூடியது. மேசையில் விரித்தோம். ஓரங்கள் படிந்தன, நடு படியவில்லை. எண்ணெயில் போட்ட பப்படத்தின் நடுக் குமிழ் மாதிரி ஒரு மேடு. கையால் அமர்த்தினால் வேறு பக்கம் எழும்பியது. செல்வி தண்ணீர் தெளித்து இழுத்துத் தேய்த்தாள். மேடு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

அளவு சரி என்று நான் சரிபார்த்துவிட்டேன். நூல் சரி. மிச்சம் இருந்தது அக்காவின் கை. இடது கை சரியாகப் பிடிக்கவில்லை, துணி நழுவுகிறது என்று செல்வியிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், வீடு சிறியது. அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நட்சத்திரத்தை, வீட்டில் வெட்டித் தேய்த்த துண்டுகளைக் கடைக்குக் கொண்டு போய், செல்வி இயந்திரத்தில் தைத்தாள். மேடு வந்தது. மூன்றாவதற்கும் அவள் தேய்த்த துண்டுகளையே இபுராகிம் இக்காவிடம் கொடுத்தேன். அவர் ஐம்பது வருஷம் தையல் இயந்திரம் மிதித்தவர். அதிலும் மேடு. இக்கா அதை விரித்து, மடித்து, மறுபடி விரித்து, தன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அளவும் சரியாணு, தையலும் சரியாணு சாரே. துணிக்குத்தான் ஏதோ கோபம்" என்றார்.

மூன்று நட்சத்திரங்களையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பந்து ஏற்கெனவே அங்கே இருந்தது. எனக்கும் அலுத்துவிட்டது. அன்று அக்கா தட்டில் வைத்ததில் இரண்டு வாய்தான் சாப்பிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"ஒரு துணியத் தேச்சுக் குடுக்கக்கூட ஆகல. ஊசியும் பிடிக்க ஆகாதுன்னு ஆயாச்சு. இப்பிடி உக்காந்திருக்க ஆளுக்குச் சோறு எதுக்குடா?"

அழுகையாகச் சொல்லியிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அரிசி விலை சொல்வது மாதிரி சொன்னார். அதன்பின் பத்து நாட்கள் அப்படியே போயின. சாதம் வடிக்கும் அளவைச் செல்வி குறைத்துவிட்டாள்.

மாசி மாதம் ஒரு நாள், அக்காவின் மாத்திரை வாங்க எறணாகுளம் போயிருந்தேன். படகு கிடைக்கத் தாமதமாகி, நான் வீடு திரும்பும்போது மணி ஒன்றரை. வாசலிலேயே சூடான துணி வாசனை வந்தது. உள்ளே போனால், அலமாரிமேல் இருந்த பெட்டி மேசைமேல் இருக்கிறது. அக்கா மேசையோடு இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். நான் வெளியே போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக இக்காவைக் கூப்பிட்டுப் பெட்டியை இறக்கி ஏற்றச் சொல்லியிருக்கிறார். நான் முதலில் இக்காவிடம் போய்ச் சத்தம் போட்டேன். அக்கா கேட்டால் நான் எப்படிக் கொடுக்காமல் இருக்க முடியும் என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு அக்காவிடம் வந்தேன்.

"தீப் பிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பிடிக்கலையே" என்றார் அக்கா. "கத்தாம இதப் பாரு."

மேசையின் மறுபக்கத்தில் ஒரு நட்சத்திரம் கிடந்தது. செல்வி வெட்டி, தேய்க்காமல் விட்டிருந்த துண்டுகளை எடுத்து, ஒற்றைக் கையால் தேய்த்து, இரண்டு நாளாக எங்களுக்குத் தெரியாமல் தைத்திருக்கிறார். உள்ளங்கையை வைத்துத் தடவினேன். மேடு இல்லை. மர அளவுகோலை நடுவில் நிறுத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினேன். எங்கும் தட்டவில்லை. எட்டு முனையும் ஒரே புள்ளியில், படிந்து கிடந்தன.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. காரணம் தெரியாமல் ஒரு கணக்கு ஒட்டினால் எனக்கு அது ஒட்டாததைவிட மோசம். சோற்றைக்கூடத் தொடாமல் உட்கார்ந்துவிட்டேன். செல்வி தேய்த்து வைத்த துண்டுகள் சில மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றையும் அட்டைமேல் வைத்தேன். இரண்டு பக்கம் அட்டையோடு ஒட்டி நின்றன. மற்ற இரண்டு பக்கமும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வெளியே நீண்டிருந்தன. தேய்க்காத துண்டை வைத்தேன். நான்கு பக்கமும் சரி. அக்கா தேய்த்துவிட்டுத் தைக்காமல் வைத்திருந்த துண்டை வைத்தேன். நான்கு பக்கமும் சரி.

அப்போது விளங்கியது. இந்தத் துண்டின் இரண்டு பக்கம் துணியின் நூலோட்டத்தில் போகிறது. மற்ற இரண்டு பக்கம் நூலுக்குக் குறுக்கே சாய்வாக வெட்டப்படுகிறது. சாய்வாக வெட்டிய துணி ரப்பர் மாதிரி நீளும். சட்டைக்கும் வேட்டிக்கும் எது நல்ல கையோ, அதே கை இங்கே ஒவ்வொரு துண்டையும் இழுத்து நீட்டியிருக்கிறது. எட்டுத் துண்டில் எட்டில் ஒரு பங்கு என்றால் ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலம் போக இடம் இல்லாமல்தான் நடுவில் மேடாக எழும்பியிருக்கிறது. சூடு காட்டி இழுக்க இழுக்க இன்னும் எழும்பியிருக்கிறது. வேறு யாராவது சாதாரணமாகத் தேய்ப்பவர்கள் தேய்த்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

மாலையில் செல்வி வந்ததும் சொன்னேன். அவள் இழுக்காமல் தேய்த்துப் பார்த்தாள். இரண்டு தள்ளல் நன்றாகப் போகும்; மூன்றாவதில் இடது கை தானாக ஓரத்தைப் பிடித்துவிடும். நானும் தேய்த்துப் பார்த்தேன்; எனக்கும் அப்படியே. கையைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுச் செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் இழுக்க முடியாது. பலம் இல்லாத அந்தக் கை மேசையோரத்தில் சும்மா கிடக்க, வலது கை பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்துப்போகும்.

அக்கா தன் இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தார்.

"அப்ப இது சும்மா கெடக்கறதும் ஒரு வேலதான்" என்றார்.

அன்று இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு பெட்டி அலமாரிமேல் ஏறவில்லை. செல்வி வெட்டுவாள், நான் அட்டையில் வைத்து அளப்பேன், அக்கா தேய்ப்பார், அக்காவே தைப்பார். என் வேலையில் கொஞ்சம் மந்தமானால், கணக்குப்பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டதா என்று செல்வியிடம் கேட்பார். அந்தப் பயிற்சிப் பெண் வந்து விரல்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் இளகியிருக்கிறது என்றாள். கை குணமானது என்று எழுத எனக்கும் ஆசைதான். குணமாகவில்லை. சேலையைக் கடைசிவரை செல்விதான் கட்டிவிட்டாள். ஆனால் அந்த ஐந்து மாதமும் வீட்டில் அக்காவுக்கு ஒரு வேலை இருந்தது, அதை வேறு யாராலும் செய்ய முடியவில்லை. சாப்பாட்டைப் பற்றிய அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் என்று திட்டம். ஜூலை நடுவில் எட்டு முடிந்தது. ஒன்பதாவதற்குத் துண்டுகள் எல்லாம் தேய்த்து, இரண்டு அரை நட்சத்திரங்கள்வரை தைத்துவிட்டார். இருபத்து நான்காம் தேதி வியாழக்கிழமை சளியும் மூச்சிரைப்பும் தொடங்கின. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றோம். படகும் ஆட்டோவும் இந்த மழையில் வேண்டாம் என்று கண்ணாலேயே மறுத்துவிட்டார். டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். சனிக்கிழமை மாலை, வழக்கத்தை விடக்கூடாது என்று, அன்றைய செலவை வாசித்தேன். மருந்து, பால், ஆட்டோ. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் "சரியா இருக்கும்" என்றார். அதன்பின் பேசவில்லை.

எடுக்கும்போது, அம்மாமேல் அந்த எட்டுக் கட்டத்தையாவது விரிக்கலாமா என்று செல்வி கேட்டாள். நீங்கள் எல்லாம் கொண்டுவந்த கோடித் துணிகள் ஏற்கெனவே போட்டாகிவிட்டன. நான் வேண்டாம் என்றேன். ஒன்றாவது நிற்கட்டும் என்று அக்கா சொன்னது அவளுக்கும் நினைவு இருந்தது, வற்புறுத்தவில்லை. இதைக் கஞ்சத்தனம் என்று அன்றைக்குச் சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. காரணம் இதுதான்.

ஒன்பதாவது கட்டம் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. செல்வி எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாள். இந்த ஆண்டு திதி நெருங்கியபோது நானே கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நட்சத்திரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தையல், இரண்டு அரையையும் சேர்க்கும் அந்த நெடுந்தையல். நான்கு முறை தைத்துப் பிரித்தேன். ஐந்தாம் முறை எட்டு முனையும் கூடின. துல்லியமாக இல்லை, அட்டைப்படத்தில் வலது கீழ் மூலைக் கட்டத்தை உற்றுப் பார்த்தால் ஒரு முனை கொஞ்சம் விலகியிருப்பது தெரியும். அது என்னுடையது. மற்ற எட்டுக் கட்டங்களும் அக்காவுடையவை.

தைத்ததைத் தேய்க்க வேண்டும். பெட்டியைச் சூடாக்கி மேசைமுன் நின்றேன். என் இடது கை துணியின் ஓரத்துக்குப் போனது. எடுத்துவிட்டேன். மறுபடி போனது. கடைசியில் அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோய், வேட்டிக் கட்டுக்குள் செருகிக்கொண்டு, ஒற்றைக் கையால் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்தேன். செல்வி வாசலில் நின்று பார்த்துச் சிரித்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை.

மேடு எழவில்லை.

ஒன்பது கட்டங்களையும் இணைத்து, ஆள் நீளத்துக்குச் சுற்றிலும் அகலக் கரை கொடுத்து, உள்ளே பஞ்சு விரிப்பும் அடியில் அடித்துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்து இபுராகிம் இக்கா தைத்துத் தந்தார். இந்த மழைக்கு அதைத்தான் போர்த்துகிறேன். கொஞ்சம் கனம்; வியர்க்கிறது. இருந்தாலும் வேட்டிகளை மடித்து வைத்துவிட்டேன்.

அக்காவின் கடைசி மாதங்களில் பொறுமையாக வந்து போன அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கும், மழையில் வீட்டுக்கே வந்த டாக்டருக்கும், இரவு பகல் பாராமல் ஆட்டோ கொண்டுவந்த தெருமுனைப் பிள்ளைகளுக்கும், அன்று நாற்காலிகளை நனையாமல் தூக்கிவந்து போட்ட அண்டை வீட்டார் அனைவருக்கும், பாலக்காட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அலைந்து வந்து நின்ற உறவினர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் பெட்டியை இறக்கிக் கொடுத்த இபுராகிம் இக்காவுக்கும் நானும் செல்வியும் கடமைப்பட்டிருக்கிறோம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் அது வயதின் குறை, மனக்குறை அல்ல.

போர்வைக் கணக்கு ஒன்றுதான் பாக்கி. அக்காவிடம் அது வாசிக்கப்படாமலே நின்றுவிட்டதால், உங்களிடம் வாசித்து முடிக்கிறேன். நூல், ஊசி, பஞ்சு விரிப்பு, அடித்துணி, பெட்டிக்குப் போட்ட புதிய வயர். வெட்டுத் துண்டுகளுக்கு இக்கா காசு வாங்கவில்லை; தைத்ததற்கும் வாங்கவில்லை. தேய்ப்புக் கூலி கிடையாது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். சரியென்று சொல்ல ஆள் இல்லாததால் மூன்றாம் முறையும் கூட்டினேன். ஆகமொத்தம் ஆயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய்.